சாமிக்கு ஊற்றிய கிளாஸ்

பிரஷர் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் வசதி. பிரஷர் யாருக்கும் வரலாம். பிரஷர் வந்த பெண்ணைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவார்கள். சம்சுச் சாராயம் குடித்துவிட்டு விழுந்த பெண்ணைப் பார்க்க என்ன வாங்கி வருவார்கள்?

லீலாவதி கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்தாள். விரல் நடுங்கியதில் பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டது. துடைத்தாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை சரியாக உட்கார்ந்தது. நடுங்கினாலும் என் கைதானே, சொன்னால் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை நடந்தது ஆறாங்கட்டைத் தோட்டம் முழுக்கத் தெரியும். தெரிய வேண்டிய அளவுக்கு மட்டும் தெரியும். பிள்ளைக் கொட்டகை ஆயா லீலாவதி வேலை நேரத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். திறந்து கிடந்த படல் வழியாக வேலம்மாவின் பெண்குழந்தை தவழ்ந்து தவழ்ந்து பெரிய வாய்க்கால் விளிம்புவரை போய்விட்டது. ரப்பர் பால் ஏற்ற வந்த லோரிக்காரர் கண்ணில் பட்டதால் பிழைத்தது.

தெரியாதது, தொட்டில் துணிகளுக்குப் பின்னால் கிடந்த தட்டைப் போத்தல். அதை எடுத்தவள் மகள் புஷ்பவள்ளி. ரவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து அன்றைக்குத்தான் வீடு வந்திருந்தாள். எடுத்தவள் யாரிடமும் காட்டவில்லை. அம்மாவிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயாவு குனிந்து பார்த்ததுமே அவருக்கு வாடை அடித்துவிட்டது. "பிரஷர்தான்," என்று கூட்டத்துக்குச் சொன்னார். எல்லாரும் போன பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோல சிலாங்கூர் டவுன்ல ஞாயித்துக்கெழமை பகல்ல ஒரு கூட்டம் நடக்குதாம். குடியை விட்டவங்க ஒண்ணாச் சேந்து ஒக்காந்து பேசுவாங்களாம். எடம் எனக்குச் சரியாத் தெரியாது, பாசார் பக்கம்னாங்க. விசாரிச்சுப் போம்மா."

இன்று ஞாயிறு. ஒரு வார ஓய்வு முடிந்தது, நாளைக் காலையில் கொட்டகை திறக்க வேண்டும். வேலம்மா மறுபடியும் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து இவள் கையில் கொடுப்பாள், ஒன்றும் தெரியாமல், சிரித்துக்கொண்டே.

பின்வாசலில் கால் கட்டிய சேவல் கத்தியது.

"எங்கடி கெளம்பிட்டே?" சேவலுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அமராவதி தலை நிமிர்ந்தாள். கணவர் காளியண்ணனுக்கு அக்கா. பக்கத்து லயத்தில் வீடு என்றாலும் இந்த வீட்டு அடுப்பும் அவள் பேச்சைத்தான் கேட்கும். "சாயங்காலம் முனியாண்டிக்குப் படையல். மசாலா அரைக்கணும், மாவு பிசையணும். ஒனக்காக வேண்டிக்கிட்டவ நான். வேலையும் நான்தான் பாக்கணுமா?"

"மசாலா அரைச்சு வெச்சுட்டேன் அண்ணி. டவுனுக்குப் போய்ட்டு வந்துடுறேன்."

உள்ளேயிருந்து காளியண்ணன் வந்தார். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ஆட்களை நிறுத்தி வைத்துப் பேசிப் பழகிய குரல். "அந்தக் கூட்டத்துக்கா? வேணாம் லீலா. ஆம்பளைங்க போற எடம். தெரிஞ்சவன் யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பான்?"

"உங்களுக்காக வந்திருக்கேன்னு நெனைப்பான்."

"எனக்கா? நான் என்ன குடிகாரனா?"

நேற்றுச் சாயங்காலம் கள்ளுக்கடையிலிருந்து பாடிக்கொண்டே வந்தவர், ஒரு காலில் சிலிப்பரோடு தூங்கியவர், உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். லீலாவதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் குடிப்பதற்குப் பெயர் அலுப்பு தீர்ப்பது. இவள் குடித்ததற்குத்தான் பெயர் வைக்க ஆளில்லை.

"பிரஷர்னு சொல்லி மூடியாச்சு. அதை நீயே போய்த் தொறக்காத," என்றார்.

"படல் மூடியிருந்தா பிள்ளை வெளிய போயிருக்காதுங்க," என்றாள் லீலாவதி. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

செம்மண் சாலையில் பாதி தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம். புஷ்பவள்ளி. தலைகூடச் சரியாக வாரவில்லை.

"நானும் வர்றேன்."

ஒரு வாரத்தில் மகள் சொன்ன முதல் வார்த்தை. "நீ எதுக்கும்மா?"

"பஸ் ஏறிட்டு வேற எங்கயாச்சும் எறங்கிட்டீங்கன்னா?"

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நியாயமான சந்தேகம். போன மாதம் பல்லுக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சீனன் கடைப் பின்வாசலில் சம்சுவுக்கு நின்றவள்தானே. "சரி, வா," என்றாள்.

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. புக்கிட் ரோத்தான் ஊரும் தாண்டியது.

"ஏன்மா?" என்று மகள் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். "அப்பா அடிச்சாரா? அத்தை ஏசுனாங்களா? என்ன பிராப்ளம் உங்களுக்கு? சீரியஸா கேக்குறேன்."

லீலாவதி யோசித்துப் பார்த்தாள். ஒரு பெரிய துயரம் இருந்திருந்தால் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். ஆண் குடித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் குடித்தால் ஒரு கதை வேண்டியிருக்கிறது. அவளிடம் கதை இல்லை. நீ பிறந்தபோது உன் அத்தை உடம்புக்குக் குளிர் ஏறக்கூடாது என்று பிராந்தி கொடுத்தாள், பிள்ளை பெற்ற எல்லாருக்கும் கொடுப்பதுதான். மற்றவர்கள் முப்பது நாளில் அதை மறந்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சூடு மறக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது? பெற்றதுதான் காரணம் என்பதுபோல ஆகிவிடாதா?

"ஒண்ணும் பிராப்ளம் இல்ல. பிடிச்சிருந்துச்சு. குடிச்சேன். அப்புறம் அது என்னைப் பிடிச்சுக்கிச்சு."

புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று லீலாவதி காத்திருந்தாள். திட்டவில்லை.

டவுனில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. பாசார் பக்கம் என்றால் சந்தைக்கு எந்தப் பக்கம்? முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டாள்.

"குடிகாரனுங்க கூட்டமா?" கடைக்காரர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே உரக்கச் சிரித்தார். "அது கள்ளுக்கடையில தெனமும் நடக்குதேலா! ஞாயித்துக்கெழமை மட்டுந்தானா உங்களுக்கு வேணும்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். புஷ்பவள்ளி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "போலாம்மா. ஷேம் ஷேம் பண்றாங்க."

"இருடி," என்றாள் லீலாவதி. கடைக்காரரைப் பார்த்தாள். "விட்டவங்க கூட்டம்ணே. விட்டவங்க."

"அப்படி ஒருத்தனையும் நான் பாத்ததில்லம்மா," என்றார் அவர். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

அடுத்து ஒருவர் ஒரு மண்டபத்துக்கு வழி காட்டினார். அங்கே பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இன்னொருவர் சங்கக் கட்டடம் என்றார். அது பூட்டிக் கிடந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. பாசார் மூலையில் ஒரு கடை திறந்திருந்தது. அலமாரியில் தட்டைப் போத்தல்கள் வரிசையாகத் தெரிந்தன. வாயில் எச்சில் ஊறியது. தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது அவளுக்கு. மகள் பார்க்கிறாளா? பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

லீலாவதி அந்தக் கடையைத் தாண்டி நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். ஓடினால் பயந்ததாக ஆகிவிடும்.

பாசாருக்குப் பின்னால் பூக் கட்டி விற்றுக்கொண்டிருந்த தாயம்மா என்ற பெண்தான் கடைசியில் சொன்னாள். "பேரெல்லாம் எனக்குத் தெரியாது தங்கச்சி. ஞாயித்துக்கெழமை ஆனா கொஞ்சம் தமிழாளுங்க அந்தத் தையக்கடை மாடி ஏறுறானுங்க. எறங்குறப்ப ஒருத்தனும் பாட்டுப் பாடல. ஒருத்தனும் சண்டை பிடிக்கல. ஒருத்தனும் படியில விழல. எனக்கே பயமா இருக்கு! அதுதானா பாரு."

அதுதான்.

"நான் கீழயே இருக்கேன்," என்றாள் புஷ்பவள்ளி.

மாடியில் நீளமான அறை. கோப்பி வாசனை. ஒரு பக்கம் நாற்காலிகளில் ஆண்கள். எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் நாலைந்து பெண்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்தார். பாலகிருஷ்ணன் என்று பெயர் சொன்னார், இந்தக் கூட்டத்தை நடத்துகிறவராம்.

"வாங்கக்கா. வீட்டுக்காரர் வரலையா? பரவால்ல, மொதல்ல பொம்பளைங்கதான் வருவாங்க. அப்படி ஒக்காருங்க," என்று ஜன்னல் பக்கம் காட்டினார்.

வாய் திறப்பதற்குள் ஒரு பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்னொருத்தி கையில் கோப்பியைக் கொடுத்தாள். "ஒங்க வீட்டுக்காரரு சம்சுவா, பீரா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

"கள்ளு," என்றாள் லீலாவதி. பொய்யில்லை. காளியண்ணன் குடிப்பது கள்தான்.

"கள்ளுன்னா சீக்கிரம் விட்டுடலாம். கவலைப்படாதீங்க."

அந்தப் பெண்கள் நடுவில் உட்கார இதமாக இருந்தது. அடி வாங்கியவர்கள், காத்திருந்தவர்கள், தப்பு செய்யாதவர்கள். இங்கேயே இருந்துவிடலாமா? ஞாயிறுதோறும் வரலாம். காளியண்ணனைப் பற்றிச் சொல்லி அழலாம். ஆண்கள் சொல்வதைத் திருட்டுத்தனமாகக் கேட்டுத் திருந்திக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

திருட்டுத்தனமாக. அந்தச் சொல்லில் மனம் நின்றது. திருட்டுத்தனமாகக் குடித்தாய், திருட்டுத்தனமாகவே விடப் போகிறாயா?

ஆண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர், மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆடியதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு பாலகிருஷ்ணன் பெண்கள் பக்கம் திரும்பினார். "புதுசா வந்த அக்கா ஏதாச்சும் சொல்றீங்களா? வீட்டுக்காரரைப் பத்தி?"

லீலாவதி எழுந்தாள். கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் வரமாட்டார். அவரைப் பத்திப் பேச நான் வரல. குடிக்கிறது நான்தான்."

சம்சுவா பீரா என்று கேட்ட பெண்ணின் முகம் மாறியது. தன் சேலையை இந்தப் பக்கம் படாமல் ஒதுக்கிக்கொண்டாள்.

ஆண்களில் ஒருவர் முனகினார். "பொம்பளை வந்து ஒக்காந்தா நாம எப்படி மனசு விட்டுப் பேசுறது?"

"நீங்க குடிச்சப்ப எந்தப் பொம்பளையப் பாத்து வெக்கப்பட்டீங்கண்ணே?" என்றாள் லீலாவதி. குரல் நடுங்கியது. நடுங்கிவிட்டுப் போகட்டும். "விட்டதைச் சொல்றதுக்கு மட்டும் எதுக்கு வெக்கம்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினாள். அறையின் குறுக்கே சுமந்துபோய், மாலைக்காரருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

மாலைக்காரர் தன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். "கால் நீட்ட எடம் பத்துமா தங்கச்சி?" என்றார்.

அப்புறம் அவள் சொன்னாள். கொட்டகையைச் சொன்னாள், படலைச் சொன்னாள், வாய்க்காலைச் சொன்னாள். பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது. பாலகிருஷ்ணன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "இன்னைக்குச் சாயங்காலம் எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"வீட்டுல முனியாண்டி படையல்."

அறை முழுக்க ஒரே சிரிப்பு. அத்தனை பேருக்கும் அந்தப் படையல் தெரியும். சேவல், சுருட்டு, போத்தல். யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவர்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். அதுவரை மற்றவர்களுக்குச் சொட்டுக் கிடையாது.

"நான் முனியாண்டிக்கு ஊத்துவேன், வாங்கிக்க மாட்டேன்," என்றார் மாலைக்காரர். "அவரு என்னை ஒண்ணும் பண்ணல."

"அவரு பண்ணல. ஒங்க மாமியா?" என்றார் இன்னொருவர்.

"அந்தம்மா மூணு மாசம் எனக்குச் சோறு போடல!"

கீழே இறங்கும்போது புஷ்பவள்ளி அறைவாசல் தெரிகிற படியில் உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி கீழே இருக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"எதுக்குமா சேரைத் தூக்குனீங்க? இழுத்துட்டே போயிருக்கலாம்ல?"

"சத்தம் கேக்குமேன்னு."

"கேக்கட்டுமே!" என்றாள் மகள். முன்னால் இறங்கிப் போய், பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் இருக்கையை விட்டாள்.

*

பொழுது சாயும் நேரத்தில் லயத்தின் பின்னால், வேப்பமரத்தடிச் சூலத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சேவல் குழம்பாகியிருந்தது. வாழையிலையில் சோறு, கறி, அவித்த முட்டை, புகைந்துகொண்டிருந்த சுருட்டு. வேலம்மா குளித்துத் தலைவாரி, பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கி வந்திருந்தாள். "அக்கா, ஒடம்பு தேவலாமா? நல்லா ரெஸ்ட் எடுங்க," என்று லீலாவதியின் கையைப் பிடித்தாள். பிள்ளை இவளைக் கண்டதும் தாவியது. கொட்டகையில் தூக்கித் தூக்கிப் பழகிய உடம்பு. வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அமராவதி கற்பூரம் காட்டினாள். போத்தலைத் திறந்து சாமிக்கு ஊற்றினாள். பிறகு கிளாஸில் ஊற்றி, காற்றுப் படாமல் உள்ளங்கையால் மூடி, லீலாவதியிடம் நீட்டினாள்.

அதே கை. பிள்ளை பெற்றுக் கிடந்தபோதும் இப்படித்தான் மூடிக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் அன்பாகத்தான் கொடுத்தாள்.

"மொத வாய் நீதான். குடி," என்றாள் அமராவதி. பிறகு பக்கத்தில் வந்து, இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எனக்குத் தெரியாதாடி? அதுக்குத்தான் வேண்டிக்கிட்டேன். சாமி குடுக்குறதைக் குடிச்சிட்டு, இதோட சேத்து அந்தப் பழக்கத்தையும் அவரு காலடியில விட்டுடு. கடைசி வாய் அவரு கையால இருக்கட்டும்."

அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றது. இவள் உண்மையிலேயே நம்புகிறாள் என்பது லீலாவதிக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. வாடை மூக்குக்கு வந்தது. உடம்பு முழுக்க அதன் பக்கம் சாய்ந்தது. கடைசி வாய் என்று எத்தனை வாய் குடித்தாயிற்று.

காத்திருந்த ஆண்கள் தொண்டையைச் செருமினார்கள். "சீக்கிரம் ஆகட்டும்லா," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

லீலாவதி கிளாஸை வாங்கினாள். குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், சூலத்தின் அடியில் வைத்தாள்.

"இதுவும் அவருக்கே இருக்கட்டும் அண்ணி. எனக்கு வேணாம்."

சலசலப்பு எழுந்தது. சாமி கொடுத்ததை வேண்டாம் என்றால் குற்றம் என்றார் ஒருவர். அமராவதி நெஞ்சில் கை வைத்து நின்றாள். வேலம்மா ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என்னக்கா, எதுக்கு வேணாங்குறீங்க?"

காளியண்ணன் சட்டென்று முன்னால் வந்தார். மண்டோர் குரல். "டிரஸ்ஸர் மருந்து குடுத்திருக்காரு. பிரஷருக்கு. அதோட இதைச் சேக்கக்கூடாது. அவ்வளவுதான்."

கூட்டம் உடனே சமாதானமாகிவிட்டது. மருந்து என்றால் சரிதான் என்று தலையாட்டினார்கள். கணவர் திறந்து கொடுத்த நல்ல வழி. உள்ளே நுழைந்துகொண்டால் போதும்.

"சொல்லு லீலா," என்றார் அவர். குரலில் இப்போது அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "பிரஷர் மருந்துன்னு நீயே வேலம்மாகிட்ட சொல்லு."

புஷ்பவள்ளி ஆண்களை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். பிள்ளை லீலாவதியின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தச் சின்ன விரல்களை மெதுவாகப் பிரித்தாள். பிள்ளையை வேலம்மாவின் இடுப்பில் கொடுத்தாள். வேலம்மா இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் தன் கையை எடுத்தாள்.

"இல்லைங்க," என்றாள் கணவரிடம், மெதுவாக. "அதை நான் சொல்லமாட்டேன்."